உழைப்பாளர் முகாமும் மக்கள் அரங்கும்: மும்பையில் படித்த இளைஞரும் பகுதி இளைஞரும் கூடி வளர்த்த நாடகம்

மும்பைத் தமிழரின் நாடக முயற்சிகளைப் பற்றி எழுதப்பட்ட கட்டுரைகள் பெரும்பாலும் மாட்டுங்காவில் தொடங்கிச் செம்பூரில் முடிகின்றன. சபாக்கள், அவற்றின் ஆண்டு விழாக்கள், சென்னையிலிருந்து வந்துசென்ற நாடகக் குழுக்கள், சண்முகானந்தா அரங்கின் சிறப்பு ஆகியவை அவற்றில் விரிவாக இடம்பெறுகின்றன. மத்திய ரயில்வே பாதைக்குக் கிழக்கே இந்தச் சபா மரபு வேர்கொண்டு வந்த காலத்தில், அதே பாதைக்கு மேற்கே, நடந்து செல்லும் தொலைவில், இந்திய மக்கள் அரங்க வரலாற்றில் தனியிடம் பெற்ற ஒரு கலைஞர் உருவாகிக்கொண்டிருந்தார். அவர் வாழ்ந்து பாடிய இடம் தாராவியை ஒட்டிய மாட்டுங்கா லேபர் கேம்ப். அவருடைய மொழி மராத்தி. ஆதலின் தமிழாய்வாளர் கண்ணுக்கு அவர் பெரிதும் படவில்லை.

கல்லூரிப் படிப்பு உடைய இளைஞரும் ஒரு பகுதியில் வாழும் உழைக்கும் இளைஞரும் கூடி நாடகம் செய்யும்போது அங்கே ஆசிரியராக இருப்பவர் யார், மாணவராக இருப்பவர் யார் என்னும் வினாவை 1940களின் பம்பாய் அரங்கை முன்வைத்து ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கமாகும். இன்று பல கல்லூரிகளின் நாட்டு நலப்பணித் திட்ட மாணவர்கள் சேரிப் பகுதிகளுக்குச் சென்று வீதி நாடகம் நடத்தித் திரும்புகின்றனர். அவர்களை அழைத்துச் செல்லும் ஆசிரியர்களுள் நானும் ஒருவன் என்பதால், இவ்வினா எனக்கு ஏட்டளவில் எழுந்ததன்று.

களமும் மக்களும்

தாராவி முதலில் கோலி மீனவர் வாழ்ந்த ஊர். 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் குஜராத்தின் சௌராஷ்டிரப் பகுதியிலிருந்து வந்த குயவர்கள் கும்பார்வாடாவில் குடியேறினர். அதே நூற்றாண்டின் இறுதியில் தோல் பதனிடும் தொழிற்கூடங்கள் பெருகியபோது, அத்தொழிலுக்கெனத் திருநெல்வேலிப் பகுதியிலிருந்து தமிழ் மக்கள் வந்து சேர்ந்தனர். அவர்களில் ஒடுக்கப்பட்ட சாதியினரும் இசுலாமியரும் மிகுதி. கிழக்கு மாட்டுங்காவின் கதை வேறு. 1896இல் பம்பாயைத் தாக்கிய பிளேக் நோயைத் தொடர்ந்து 1898இல் அமைக்கப்பட்ட நகர மேம்பாட்டு அறக்கட்டளை திட்டமிட்டு உருவாக்கிய புறநகர்ப் பகுதி அது. அங்கே தென்னிந்திய எழுத்தர்களும் அலுவலர்களும் குடியேறினர். 1932இல் தென்னிந்தியக் கல்விச் சங்கமும் 1952இல் சண்முகானந்தா நுண்கலை சபையும் தோன்றின. ஒரே மொழி பேசிய இவ்விரு தமிழ்க் குடியிருப்புகளுக்கும் இடையில் இருந்தது ஓர் இருப்புப் பாதைதான். சாதியும் தொழிலும் அப்பாதையை அகலமாக்கின.

லேபர் கேம்ப் என்னும் உழைப்பாளர் முகாம் பாதைக்கு மேற்கே, தாராவிப் பக்கத்தில் அமைந்தது. மகாராஷ்டிரச் சிற்றூர்களிலிருந்து வந்த தலித் மக்கள் அங்குப் பெருமளவில் வாழ்ந்தனர். 1927ஆம் ஆண்டு மகாத் சத்தியாக்கிரகத்தை முன்னின்று ஏற்பாடு செய்தவர்களுள் ஒருவரும் பின்னர்ப் பொதுவுடைமை இயக்கத்தில் இணைந்தவருமான ஆர். பி. மோரேயைப் போன்றோர் இவ்வட்டாரத்தில் பணியாற்றியதால், அம்பேத்கரிய உணர்வும் தொழிற்சங்க உணர்வும் ஒருசேர நிலவிய இடமாக முகாம் விளங்கியது. அண்ணாபாவ் சாட்டே அரசியல் கற்ற பள்ளி இதுவே.

1943

இரண்டாம் உலகப் போர், 1942ஆம் ஆண்டு ஆகஸ்டு இயக்கம், 1943ஆம் ஆண்டு வங்காளப் பஞ்சம் ஆகியவை அடுத்தடுத்து வந்த ஆண்டுகள் அவை. மாணவர் சங்கங்கள், தொழிற்சங்கங்கள், முற்போக்கு எழுத்தாளர் சங்கம் ஆகியவற்றின் பாடல் குழுக்களும் நாடகக் குழுக்களும் தனித்தனியே இயங்கிவந்தன. அவற்றை ஒருங்கிணைக்கும் முயற்சியாக 1943 மே 25ஆம் நாள் பம்பாயில் மார்வாடி வித்யாலய அரங்கில் இந்திய மக்கள் நாடகச் சங்கம் எனப்படும் இப்டா தொடங்கப்பட்டது. தொழிற்சங்கத் தலைவர் என். எம். ஜோஷி அதன் தலைவரானார். பொதுச் செயலாளர் பொறுப்பை ஏற்றவர் இலங்கையைச் சேர்ந்த அனில் டி சில்வா என்னும் பெண்மணி. 'மக்கள் அரங்கு' என்னும் பெயரை முன்மொழிந்தவர் அணு அறிவியலாளர் ஹோமி பாபா என்பதும், பிரெஞ்சு எழுத்தாளர் ரொமேன் ரோலந்தின் நூற்பெயர் அதற்குத் தூண்டுதலாயிற்று என்பதும் இப்டா வரலாற்றில் தொடர்ந்து பதிவு செய்யப்படும் செய்திகள். ஓர் அரங்க இயக்கத்துக்கு இயற்பியலாளர் பெயரிட்டதையும் இலங்கைப் பெண் செயலாளராக இருந்ததையும் காணும்போது, அக்காலப் பம்பாயில் படித்தவர் உலகம் எத்துணை விரிந்து கிடந்தது என்பது புலனாகும்.

இவ்வுலகிலிருந்து வந்த இளைஞர்களுக்கு ஆர்வம் மிகுதி. மேலை நாடகப் பயிற்சியும் சிலருக்கு இருந்தது. மாணவர் இயக்கத்தில் ஈடுபட்டிருந்த தீனா காந்தி, அவருடைய தமக்கை சாந்தா காந்தி முதலியோர் இப்டாவில் இணைந்தனர். பிற்காலத்தில் தீனா பாட்டக் என்னும் பெயரில் திரைப்பட நடிகையாகப் புகழ்பெற்ற தீனா, குஜராத்தின் நாட்டுப்புறக் கூத்தாகிய பவாயியை மக்கள் அரங்குக்குக் கொண்டுவந்தவர்களுள் ஒருவர். வங்காளப் பஞ்சத்துக்கு நிதி திரட்ட வினய் ராய் தலைமையில் வந்த பாடற்குழு பம்பாய் இளைஞரைப் பெரிதும் ஈர்த்தது. அதன் விளைவாக அந்தேரியில் சாந்தி பர்தனை நடன ஆசிரியராகக் கொண்ட மையக் கலைக்குழு அமைந்தது. 1945இல் ரவிசங்கர் அதில் இசையமைப்பாளராகச் சேர்ந்தார். இக்குழுவின் நடன நாடகங்கள் நாடெங்கும் பாராட்டப்பட்டன. இப்டாவைப் பற்றி எழுதுவோர் அனைவரும் அந்தேரி வளாகத்தைப் பற்றி மிக விரிவாகவே எழுதியுள்ளனர். நம் கட்டுரைக்கு வேண்டுவது அதற்குத் தெற்கே, லேபர் கேம்பில் நடந்தது.

முகாமின் ஷாஹிர்

துக்காராம் பாவுராவ் சாட்டே என்னும் இயற்பெயருடைய அண்ணாபாவ் சாட்டே 1920 ஆகஸ்டு 1ஆம் நாள் சாங்லி மாவட்டத்து வாட்டேகாவில், மாங் என்னும் ஒடுக்கப்பட்ட சாதியில் பிறந்தார். பள்ளிப் படிப்பு ஏறத்தாழ இல்லை. 1930களின் தொடக்கத்தில் குடும்பத்தோடு ஊரிலிருந்து கால்நடையாகவே பம்பாய் வந்து சேர்ந்தார். சுமை தூக்குதல், தெரு வணிகம், ஆலை வேலை எனக் கிடைத்தவற்றையெல்லாம் செய்தார். கடைப் பலகைகளையும் திரைப்படச் சுவரொட்டிகளையும் பார்த்தே எழுத்துக் கற்றார் என்று அவருடைய வாழ்க்கை வரலாறுகள் கூறுகின்றன. ஆனால் பாட்டு அவருக்குப் புதிதாகக் கற்க வேண்டிய ஒன்றன்று. தமாஷாவிலும் இசையிலும் தேர்ந்த கலைஞர்களை வழிவழியாகப் பெற்ற சமூகம் அவருடையது. ஊரில் கேட்ட போவாடாவும் தமாஷாவும் அவரோடு பம்பாய்க்கு நடந்து வந்தன.

போவாடா என்பது மராட்டிய வீரக் கதைப்பாடல். பாடுபவர் ஷாஹிர் எனப்படுவார். கையில் டஃப் என்னும் தோற்கருவியும், துணைக்குத் துண்டுணே என்னும் ஒற்றை நரம்புக் கருவியும் உண்டு. பின்பாட்டுக்காரர்கள் ஒவ்வோர் அடியின் இறுதியிலும் 'ஜீ ஜீ' என இழுத்து வாங்கிக்கொள்வர். தமிழாய்வாளருக்கு இவ்வமைப்பு அயலானதாகத் தோன்றாது. வில்லுப்பாட்டில் முதற் புலவர் பாட, குடமும் உடுக்கும் முழங்க, பின்பாட்டுக்காரர் 'ஆமா' எனத் தாங்கிப் பிடிப்பதை நினைவுகூரலாம். துண்டுணேயைத் 'துந்தினா' என்னும் பெயரில் தஞ்சைப் பகுதி லாவணிக்காரர்கள் எரிந்த கட்சி, எரியாத கட்சி எனப் பிரிந்து வாதிட்டுப் பாடும்போது இசைப்பதையும் ஒப்பிடலாம். தஞ்சை மராட்டியர் ஆட்சி நமக்கு லாவணியைத் தந்தது. மராத்திக்கு அது தந்ததோ இன்னும் பெரிது. மராத்தியில் கிடைக்கும் மிகப் பழைய நாடகப் பிரதிகள் ஷாஹஜி மன்னர் (1684–1712) காலம் முதலாகத் தஞ்சை அரசவையில் தோன்றியவையே. ஆதலின் இவ்விரு மொழி அரங்குகளையும் தொடர்பற்றவை எனத் தள்ளிவைப்பது நம் ஆய்வின் குறைபாடே அன்றி வரலாற்றின் குறைபாடு அன்று.

இரண்டாம் உலகப் போரின்போது சாட்டே பாடிய 'ஸ்டாலின்கிராட் போவாடா' அவருக்குப் பெயர் தேடித் தந்தது. வாட்டேகாவில் பிறந்து லேபர் கேம்பில் வாழ்ந்த ஓர் இளைஞர் வோல்கா ஆற்றங்கரைப் போரைச் சிவாஜியின் வீரம் பாடிய யாப்பிலேயே பாடினார். பொருள் எத்துணைத் தொலைவில் உள்ளதோ அத்துணை அண்மையில் உள்ள வடிவம் தேவை என்பதை அவர் எவரும் கற்பிக்காமலே அறிந்திருந்தார் எனத் தோன்றுகிறது. 1944இல் அமர் ஷேக், த. நா. கவாண்கர் ஆகியோருடன் சேர்ந்து லால் பாவ்டா கலா பதக் என்னும் செங்கொடிக் கலைக்குழுவை அமைத்தார். அப்போது அவருக்கு வயது 24.

இக்குழு தமாஷாவைக் கையாண்ட முறை தனியே நோக்கத்தக்கது. மரபான தமாஷாவில் முதலில் கணபதி வணக்கம், அடுத்துக் கண்ணனும் ஆயர் மகளிரும் எதிர்ப்படும் கவுளண் பகுதி, பின்னர் 'வக்' எனப்படும் கதை என ஒரு வரிசை உண்டு. சாட்டே கணபதி வணக்கத்தின் இடத்தில் மண்ணையும் உழைப்பாளரையும் போராட்டத்தில் உயிர்நீத்தோரையும் வாழ்த்தும் பாடலை அமைத்தார். கவுளணை நீக்கினார். ஆயர் மகளிரை வழிமறித்து இரட்டைப் பொருள்படப் பேசும் அப்பகுதி, நடைமுறையில் தமாஷாப் பெண்களைக் காட்சிப் பொருளாக்கியது. அப்பெண்களுட் பலர் அவருடைய சாதியினர், அதனை ஒத்த சாதியினர். ஆகவே அந்நீக்கத்தை அழகியல் சீர்திருத்தம் என்று மட்டும் கொள்ள இயலாது. ஆனால் அவர் சோங்காட்யாவை நீக்கவில்லை. நம் தெருக்கூத்தின் கட்டியங்காரனைப் போல அரசனையும் இடித்துரைக்கும் அக்கோமாளிப் பாத்திரம் சாட்டேயின் நாடகங்களில் தொழிலாளியாகவும் உழவனாகவும் நின்று சேட்டையும் தலைவரையும் கேள்வி கேட்கிறது. 'அக்லேச்சி கோஷ்ட்', 'சேட்ஜீஞ்சே இலெக்‌ஷன்', 'தேசபக்த கோட்டாளே', 'லோகமந்த்ரியாஞ்சா தௌரா' ஆகிய தலைப்புகளே (முறையே அறிவின் கதை, சேட்டின் தேர்தல், தேசபக்தர் கோட்டாளே, மக்கள் அமைச்சரின் சுற்றுப்பயணம்) அவற்றின் எள்ளற் போக்கை உணர்த்தும்.

மேடையும் திரையும் வேண்டாத வடிவம் இது. ஆலை வாயில், சால் எனப்படும் தொழிலாளர் குடியிருப்பின் முற்றம், தெருமுனை ஆகியவை போதும். ஒருவர் நடிக்கும்போது மற்றவர் பின்பாட்டுப் பாடுவர். பாடி முடித்தவர் நடிக்க வருவர். ஷிப்டு முடிந்து வரும் தொழிலாளர் பாதியில் வந்து நின்றாலும் கதை விளங்கும். விடுதலைக்குப்பின் பம்பாய் அரசு தமாஷாவைத் தடை செய்தபோது 'லோகநாட்டியம்', அதாவது மக்கள் நாடகம், என்னும் பெயர் இதற்கு நிலைத்தது. பெயர் மாற்றத்தில் தற்காப்பும் இருந்தது, தன்மதிப்பும் இருந்தது.

யார் ஆசிரியர்?

1949இல் அலகாபாத்தில் நடைபெற்ற இப்டா மாநாட்டில் அண்ணாபாவ் சாட்டே அகில இந்தியத் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். பல்கலைக்கழகங்களில் பயின்றோரும் இலண்டனில் தங்கிப் படித்துத் திரும்பியோரும் நிறைந்த ஓர் அமைப்புக்குப் பள்ளி செல்லாத முகாம் இளைஞர் தலைவரானார். இந்நிகழ்ச்சியைப் பெருந்தன்மைக்குச் சான்றாகக் காட்டுவோர் உண்டு. எனக்கு அவ்விளக்கம் நிறைவளிக்கவில்லை. படித்த இளைஞரிடம் நாடக இலக்கியம் இருந்தது. அச்சகம், செய்தித்தாள், மண்டபம் ஆகியவற்றுக்கான வழியும் இருந்தது. ஆலை வாயிலில் ஆயிரம் பேரைக் கால்மணி நேரத்தில் நிறுத்தும் வடிவம் அவர்களிடம் இல்லை. அது முகாமிடம் இருந்தது. கொடுக்கல் வாங்கல் இரு பக்கமும் நடந்தமையால்தான் அக்கூட்டு சில ஆண்டுகளேனும் நிலைத்தது. போரும் பஞ்சமும் பற்றிய உலகச் செய்திகளைச் சாட்டே இயக்கத்தின் வழிப் பெற்றார். மக்கள் மொழி என்பது என்ன என்பதை இயக்கம் அவரிடமிருந்து பெற்றது.

ஈழத்துத் தமிழ் அரங்கை அறிந்தவர்கள் இவ்விடத்தில் பேராதனையை நினைப்பர். 1962இல் பேராசிரியர் சு. வித்தியானந்தன் பேராதனைப் பல்கலைக்கழக மாணவர்களைக் கொண்டு 'கர்ணன் போர்' கூத்தை மேடையேற்றியபோது, மட்டக்களப்பின் அண்ணாவியார்களே மாணவர்களுக்கு ஆட்டமும் பாட்டும் பயிற்றினர். 'இராவணேசன்' முதலியவை அதன் தொடர்ச்சியாக வந்தன. அங்கும் ஆசிரியர் ஊர்க் கலைஞர், மாணவர் பல்கலைக்கழகத்தார். ஆயினும் வட்டக்களரியில் விடிய விடிய ஆடப்பட்ட கூத்து படச்சட்ட மேடைக்கேற்பச் சுருக்கப்பட்டது. சுருக்கும் அதிகாரம் பல்கலைக்கழகத்திடம் இருந்தது. லேபர் கேம்பில் அவ்வதிகாரம் முகாமின் கலைஞரிடமே இருந்தது. கவுளணை வெட்டியவர் வெளியிலிருந்து வந்த நெறியாளர் அல்லர். இரு முயற்சிகளும் பெரியவை. அவற்றின் வேறுபாடு இதுவே எனக் கருதுகிறேன். 1985இல் யாழ்ப்பாணப் பல்கலைக்கழக மாணவர்கள் குழந்தை ம. சண்முகலிங்கத்தின் 'மண் சுமந்த மேனிய'ரை ஊர் ஊராகக் கொண்டுசென்றது மூன்றாவது வகை. அதனைத் தனியே ஆராய வேண்டும்.

பம்பாய்க் கூட்டு நெடுநாள் நீடிக்கவில்லை. 1948க்குப்பின் பொதுவுடைமைக் கட்சி மீதான அடக்குமுறை, கட்சியின் உள்முரண்கள், கலைஞர்கள் திரைத்துறைக்குச் சென்றமை எனக் காரணங்கள் பல. 1950களில் ஒன்றுபட்ட மகாராஷ்டிர இயக்கத்தின் குரலாக அமர் ஷேக்கும் சாட்டேயும் மீண்டும் எழுந்தனர். 1958இல் பம்பாயில் கூடிய முதல் தலித் இலக்கிய மாநாட்டைச் சாட்டே தொடங்கிவைத்தார். 1959இல் 'பகீரா' நாவல் வெளிவந்தது. அதனை அவர் அம்பேத்கருக்குக் காணிக்கையாக்கினார். 1961இல் சோவியத் நாட்டுக்குச் சென்று வந்தார். 1969 ஜூலை 18இல் வறுமையிலேயே மறைந்தார். அதே ஆண்டில் அமர் ஷேக்கும் மறைந்தார்.

தமிழ்ப் பக்கம்

தாராவித் தமிழருக்கு வடிவம் இல்லாமல் இல்லை. திருநெல்வேலிச் சீமையிலிருந்து வந்த மக்கள் கொடை விழாவையும் வில்லுப்பாட்டையும் பறையையும் அறிந்தவர்கள். அதே 1940களில் தமிழகத்தில், நாகர்கோவில் வட்டாரத்து வில்லிசையில் வளர்ந்த என். எஸ். கிருஷ்ணன் அவ்வடிவத்தைச் சீர்திருத்தக் கருத்துகளுக்குப் பயன்படுத்திக் காட்டினார். சாட்டே போவாடாவைக் கொண்டு செய்ததற்கு இணையான ஒன்றைத் தமிழில் செய்வதற்கான கருவிகள் அனைத்தும் தாராவியில் இருந்தன. ஆனால் மும்பைத் தமிழ்ச் சமூகத்தில் கல்லூரிப் படிப்புடையோர் பாதைக்குக் கிழக்கே இருந்தனர். அவர்களுக்கு நாடகம் என்பது சபா நாடகமாக இருந்தது. தங்கள் தெருக்கலையைக் கற்றுக்கொள்ள வரும் படித்த தமிழ் இளைஞர் தாராவிக்குக் கிடைக்கவில்லை. மராத்தி முகாமுக்கு இப்டா கிடைத்தது போன்ற ஒரு வாய்ப்பு அடுத்த தெருத் தமிழருக்கு அமையவில்லை. 1966இல் சிவசேனை தோன்றித் தென்னிந்தியருக்கு எதிரான பரப்புரை ஓங்கிய பின், தெருவில் நின்று தமிழில் பாடுவதே துணிச்சலான செயலாயிற்று. சபாவின் உள்ளரங்கு இன்னும் பாதுகாப்பான இடமாயிற்று. 1989இல் பாம்பே ஞானம் பெண்களை மட்டுமே கொண்டு தொடங்கிய மகாலட்சுமி நாடகக் குழு இச்சபா மரபின் குறிப்பிடத்தக்க சாதனை என்பதையும் இங்குப் பதிவு செய்தல் தகும்.

எனினும் தமிழ் இளைஞர் ஒருவர் நிகழ்த்திய ஓர் அரங்கச் செயல் செம்பூருக்கு அப்பால், டிராம்பேயின் ஜனதா காலனியில் நடந்தது. அதனை நாடகம் என்று எவரும் வகைப்படுத்தவில்லை. கோலார் தங்கவயல் தமிழ்க் குடும்பத்தைச் சேர்ந்த ஜோக்கின் அற்புதம் (1946–2018) 1960களில் பம்பாய் வந்து, தச்சு வேலை செய்துகொண்டே காலனிச் சிறுவர்களைத் திரட்டிப் பாட்டும் ஆட்டமும் பயிற்றினார். அதிலிருந்தே அவர்களுக்கான பள்ளி உருவாயிற்று. காலனியில் மலைபோலக் குவிந்த குப்பையை மாநகராட்சி அள்ளாதிருந்தபோது, அச்சிறுவர்கள் ஒவ்வொருவரும் குப்பையைப் பொட்டலமாகக் கட்டி எடுத்துச்சென்று மாநகராட்சி அலுவலகத்தின் முன் கொட்டினர். இந்நிகழ்ச்சியை அவரே பிற்காலத்தில் பலமுறை விவரித்துள்ளார். களம், ஊர்வலம், கைப்பொருள், பார்வையாளர், எதிர்பாராத் திருப்பம் ஆகிய அனைத்தும் அமைந்த நிகழ்த்துகை இது. வசனம் மட்டும் தேவைப்படவில்லை. 1976இல் நெருக்கடி நிலைக் காலத்தில் ஜனதா காலனி அகற்றப்பட்டு, மக்கள் சீத்தா கேம்புக்கு மாற்றப்பட்டனர். அற்புதம் 1970களில் தொடங்கிய தேசியக் குடிசைவாழ்வோர் கூட்டமைப்பும் 2000ஆம் ஆண்டில் அவர் பெற்ற மகசேசே விருதும் பலரும் அறிந்தவை. பாட்டுக் குழுவிலிருந்து அது தொடங்கியது என்பது அரங்க ஆய்வாளர் கவனிக்க வேண்டிய செய்தி.

போட்டி மேடைக்குப் பின்

1972 முதல் மும்பை இப்டா கல்லூரிகளுக்கிடையே நாடகப் போட்டி நடத்திவருகிறது. பல்ராஜ் சாஹ்னி பெயரிலான அதன் சுழற்கோப்பை மாணவரிடையே பெருமதிப்புடையது. திரைத்துறைக்கும் மராத்தி, இந்தி மேடைகளுக்கும் அப்போட்டி வழங்கிய கலைஞர் பலர். ஆனால் ஆலை வாயிலில் தொடங்கிய அமைப்பின் பெயரால் நடைபெறும் இப்போட்டியில் மாணவர்கள் மாணவர்களுக்காகவே நடிக்கின்றனர். 1982 ஜனவரியில் தொடங்கிய ஆலை வேலைநிறுத்தத்துக்குப்பின் ஆலை வாயில்களும் ஒன்றொன்றாக மூடப்பட்டன. பார்வையாளர் இருந்த இடமே மறைந்தபின் அரங்கை மட்டும் குறைகூறிப் பயனில்லை.

மாற்று முயற்சிகள் இல்லாமற் போகவில்லை. 1975இல் தொடங்கப்பட்ட ஸ்திரீ முக்தி சங்கடனாவின் சார்பில் ஜோதி மாப்சேகர் 1983இல் எழுதிய 'முல்கி ஜாலி ஹோ' (பெண் பிறந்தாள்) தொழில்முறை நடிகரல்லாத பெண்களால் குடியிருப்புகள்தோறும் நடிக்கப்பட்டுப் பிற மொழிகளுக்கும் சென்றது. 2002இல் புணேயில் உருவான கபீர் கலா மஞ்ச் சேரிப் பகுதி இளைஞரையும் கல்லூரி மாணவரையும் ஒருங்கே கொண்டது. அதன் பாடகர்கள் சாட்டேயைத் தம் முன்னோராகவே அறிவித்துக்கொண்டனர். ஆனந்த் பட்வர்தனின் 'ஜெய் பீம் காம்ரேட்' (2011) ஆவணப்படத்தில் அவர்களைக் காணலாம். அக்குழுவினருட் சிலர் வழக்குகளையும் சிறையையும் எதிர்கொண்டனர். தாணேயில் நாடகாசிரியர் ரத்னாகர் மத்கரி (1938–2020) தம் இறுதி ஆண்டுகளில் முன்னின்று வளர்த்த 'வஞ்சிதாஞ்சா ரங்கமஞ்ச்' (ஒதுக்கப்பட்டோர் மேடை) இவ்வகையில் எனக்கு மிக நெருக்கமானது. அங்கே குடியிருப்பு இளைஞர்களே தங்கள் கதையை எழுதி நடிக்கின்றனர். பயிற்சி பெற்ற நாடகக்காரர்கள் கேட்கும்போது மட்டும் உதவுகின்றனர்.

தாராவியின் தமிழ் இளைஞரும் இந்நூற்றாண்டில் தமக்கென ஒரு வடிவத்தைக் கண்டுகொண்டனர். அது ராப். தாராவியில் உருவான டோப்அடெலிக்ஸ் குழுவினர் 2018இல் வெளிவந்த பா. இரஞ்சித்தின் 'காலா' படத்தில் தமிழில் பாடினர். ஷாஹிரின் டஃப் இருந்த இடத்தில் தாள இயந்திரம் வந்துள்ளது; தெருமுனை அப்படியே உள்ளது. இதனை நாட்டார் வழக்காற்றியலின் தொடர்ச்சியாகக் கொள்வதா, அமெரிக்க இறக்குமதியாகக் கொள்வதா என நம் கருத்தரங்குகளில் நடக்கும் விவாதம் பயனற்றது என்பது என் எண்ணம். ஸ்டாலின்கிராட்டும் ஒருகாலத்தில் இறக்குமதிதான்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு கல்லூரி மாணவர்களோடு தாராவியின் தமிழ்க் குடியிருப்பு ஒன்றுக்குச் சென்றிருந்தேன். சுகாதாரம் பற்றிய இருபது நிமிட வீதி நாடகம். மொழி இந்தி. விடியற்காலையில் குழாயடியில் வரிசையில் நின்று நீர் பிடிக்கும் பெண்களுக்குக் கைகழுவக் கற்பித்துக்கொண்டிருந்தோம். பகுதி இளைஞர் நால்வர் அம்மன் கோவில் விழாவுக்காகப் பறையைக் காய்ச்சிக்கொண்டு ஓரமாக நின்று பார்த்தனர். அவர்களை அழைக்க வேண்டும் என்று எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. நாடகம் முடிந்து நாங்கள் பதாகையைச் சுருட்டியபோது அவர்கள் அடிக்கத் தொடங்கினர். எங்களுக்குக் கூடாத கூட்டம் அவர்களுக்குக் கூடியது. என் மாணவி ஒருத்தி திரும்பிச் சென்று, அந்த அடியைக் கற்றுத்தர முடியுமா என்று தமிழில் கேட்டாள். பெண் பிள்ளைக்கு எதற்கு என்று முதலில் சிரித்தனர். பிறகு குச்சியைக் கொடுத்தனர்.

அடுத்த ஆண்டு நாடகம் எழுதிக்கொண்டு செல்லவில்லை. குறிப்பேடும் ஒலிப்பதிவுக் கருவியும் கொண்டுசென்றோம். தாராவி மறுமேம்பாட்டுத் திட்டத்துக்கான வீட்டுக் கணக்கெடுப்பு 2024இல் தொடங்கியபின் இப்பணி விரைவு கொள்ள வேண்டியதாயிற்று. கொடைக்கு வில் வைக்கும் முற்றங்கள் எவை, நாடகம் போட்ட தெருமுனைகள் எவை, அங்கே யார் என்ன பாடினர் என்பவற்றைப் பகுதி இளைஞரே முதியவர்களிடம் கேட்டுப் பதிவு செய்கின்றனர். மாணவர்கள் அதனை எழுத்தில் பெயர்க்கின்றனர். திருநெல்வேலி வழக்கில் வரும் சொற்களுக்கு மாணவர்கள் பொருள் தெரியாமல் நிற்கும்போது, ஏழாம் வகுப்போடு படிப்பை நிறுத்திய ஓர் இளைஞர் அவர்களுக்கு விளக்கிச் சொல்கிறார். லேபர் கேம்ப் பக்கமும் சென்று, மராத்தி முதியவர்களின் நினைவிலிருக்கும் போவாடாக்களைக் கேட்க வேண்டும் என்று சொன்னவரும் அவர்தான். மாணவர்களைவிட அவருக்கு மராத்தி நன்றாக வரும்.